இறங்கிச் சேரும் மலை: அல்வாலிலிருந்து ஸ்ரீசைலத்துக்கு ஒரு சைக்கிள் பாதை

மலைப்பாதையில் சைக்கிள் பயணம் என்றால், அடிவாரத்தில் தொடங்கி உச்சியில் முடியும் ஏற்றம் ஒன்றே தமிழ் வாசகரின் நினைவுக்கு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும் செல்லும் சாலைகள் அந்த எண்ணத்தை ஆழமாக ஊன்றியிருக்கின்றன. தக்காணப் பீடபூமியின் மேல் வாழ்பவருக்கோ இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஐதராபாத்தின் வடபகுதியான அல்வால் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்க, அங்கிருந்து சாலைவழியே 220 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, நல்லமலைக் காட்டின் நடுவே மலைத்தலமாகப் போற்றப்படும் ஸ்ரீசைலம் 400 மீட்டரை ஒட்டிய உயரத்திலேயே அமைந்திருக்கிறது. ஆகவே அல்வால்வாசி மலைக்கோயிலுக்குப் புறப்பட்டுத் தன் வீட்டைவிடத் தாழ்ந்த இடத்தைச் சென்றடைகிறார், கடினமான ஏற்றத்தை வீடு திரும்பும் வழியில்தான் எதிர்கொள்கிறார்.

போலாரம், திருமலகிரி, லோத்குண்டா ஆகிய ஊர்களோடு ஒட்டிக்கிடக்கும் அல்வால், 2007ஆம் ஆண்டில் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்தது. பிரிட்டிஷார் காலத்தில் சென்னைப் படைப்பிரிவுகளோடு செகந்திராபாத் கண்டோன்மென்டுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இப்பகுதிகளில் இன்றும் வாழ்கின்றனர். ஊரின் ஊடே செல்லும் கரீம்நகர் சாலையில் வடக்கே சென்றால் ஷாமீர்பேட்டை ஏரி வரை விடியற்காலையில் சைக்கிள் ஓட்டலாம். ஆயினும் அச்சாலையில் மேடு பள்ளங்கள் உண்டே தவிர, மலையேற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நகரின் மேற்கே வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய ஒளித் தகடுகளையே கூரையாகக் கொண்டு 2023இல் திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் தடம் வெயிலிலிருந்து காப்பது உண்மைதான் என்றாலும், மலைப்பாதைக்கு உடலைப் பழக்க அது உதவாது.

அல்வாலைச் சுற்றிய நிலம் இவ்வாறு அமைந்ததற்குக் காரணம் அதன் பாறை. ஐதராபாத் வட்டாரம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கருங்கல்லின் மேல் நிற்கிறது. காற்றும் மழையும் வெப்பமும் அக்கல்லைத் தேய்த்து, மௌலா அலிக் குன்றில் காண்பதுபோன்ற உருண்டைப் பாறைகளாகவும் அவற்றுக்கு இடைப்பட்ட அலையலையான சமவெளியாகவும் மாற்றியிருக்கின்றன. தெற்கே நல்லமலையில் காட்சி மாறுகிறது. அங்கே பழங்காலக் கடற்படுகையில் அடுக்கடுக்காகப் படிந்த மணலும் சேறும் இறுகி, மடிந்து, கடினமான குவார்ட்சைட் என்னும் பாறை வரிசைகளாக உயர்ந்து நிற்க, கிருஷ்ணா நதி அவற்றை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. சைக்கிள் ஓட்டி கடக்க வேண்டியது இந்தப் பள்ளத்தாக்கையே. இருபுறமும் காட்டு மேட்டுநிலம், நடுவில் நதி என்ற அமைப்பில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் இறக்கம், பிறகு ஏற்றம் என்பதே விதி.

பாதையை வரிசைப்படி பார்க்கலாம். வெளிவட்டச் சாலையின் பிரதான தடத்தில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், அல்வாலிலிருந்து புறப்படுபவர் செகந்திராபாத்தையும் பழைய நகரத்தையும் விடியலுக்கு முன்பே கடந்து துக்குகூடாவை அடைவது நல்லது. அங்கிருந்து 765ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கட்தால், ஆமனகல், வெல்தண்டா ஊர்கள் வழியாகப் பருத்தி விளையும் வறண்ட சமவெளியில் நீள்கிறது. கிருஷ்ணாவின் துணையாறான டிண்டியின் நீர்த்தேக்கத்தைக் கடந்த பிறகே தொலைவில் மலைவிளிம்பு தென்படத் தொடங்கும். மன்னனூரை ஒட்டிச் சாலை அந்த விளிம்பில் ஏறி, அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. செஞ்சு பழங்குடியினரின் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் இக்காட்டில், வட்வர்லபல்லியைத் தாண்டி தோமலபெண்டா வரை மேட்டுநிலத்திலேயே ஓடும் சாலை, அதன்பின் அடுத்தடுத்த வளைவுகளாகச் சரிந்து ஸ்ரீசைலம் அணைக்குக் கீழே உள்ள பாலத்தை அடைகிறது. பாலத்தின் வடகரை தெலங்கானா, தென்கரை ஆந்திரப் பிரதேசம். மறுகரையில் சுண்டிபெண்டா வழியாக மீண்டும் ஏறினால் ஸ்ரீசைலம் வந்துவிடும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய திருப்பருப்பதம் இத்தலமே என்பதால், சைக்கிளில் ஆர்வமில்லாத தமிழருக்கும் ஊர் புதிதன்று.

இந்த ஏற்ற இறக்கங்களை அளக்க உதவும் சொல் சரிவு விகிதம். கிடைமட்டமாக 100 மீட்டர் செல்லும்போது சாலை 6 மீட்டர் உயர்ந்தால் அதன் சரிவு 6 சதவீதம். இந்தியச் சாலைகள் பேரவை வகுத்த நெறிப்படி, மலைப்பகுதிச் சாலையில் இயல்பாக இருக்க வேண்டிய சரிவு 5 சதவீதம்; செங்குத்தான நிலப்பரப்பில் 6 சதவீதம் வரை போகலாம்; தவிர்க்கவே முடியாத இடங்களில், சிறு தொலைவுக்கு மட்டும், 8 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். கொண்டை ஊசி வளைவுக்கு அந்த நெறி தரும் சலுகை இன்னும் சுவையானது: வளைவுக்குள் சரிவு 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாகனத்தில் செல்பவரை அச்சுறுத்தும் அந்தத் திருப்பமே, முறையாகப் போடப்பட்ட சாலையில், சைக்கிள் ஓட்டிக்கு மூச்சு வாங்க இடம் தரும் சமதளம் ஆகிறது. எனவே வளைவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பாதையின் கடுமையை மதிப்பிடுவது, சுற்றுலா விளம்பரங்களில் பெரிதும் காணப்பட்டாலும், பொருளற்ற வழக்கம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; பிரான்சில் உலகப் புகழ்பெற்ற ஆல்ப் துயெஸ் ஏற்றத்தில் 21 மட்டுமே. ஆனால் அந்த 21 வளைவுகளும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு 8 சதவீதச் சராசரிச் சரிவில் அமைந்திருப்பதே அதன் பெயருக்குக் காரணம். நீலகிரியில் மசினகுடிப் பக்கத்திலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையும் அதன் 36 வளைவுகளால் அல்ல, வளைவுகளுக்கு இடைப்பட்ட செங்குத்தான நேர்த்துண்டுகளால்தான், 2008 முதல் நடந்துவரும் நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணத்தில் பங்கேற்பவர்களைத் திணறச் செய்கிறது.

சரிவு சற்றே கூடினாலும் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ எடை என்றும், ஓட்டுபவர் 150 வாட் ஆற்றலை இடைவிடாமல் தருகிறார் என்றும் கொண்டால், சமதளத்தில் மணிக்கு 28 கிலோமீட்டரை ஒட்டிச் செல்லும் அவர், 6 சதவீத ஏற்றத்தில் 10 அல்லது 11 கிலோமீட்டருக்கும், 10 சதவீத ஏற்றத்தில் 7 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடுகிறார். வேகம் குறைவதோடு அது நின்றுவிடுவதில்லை. முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பற்களும் பின்பக்கத்தில் 25 பற்களும் உள்ள கியரில் அந்த 10 சதவீத ஏற்றத்தை ஏறும்போது, பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுகூடச் சுழலாது. அவ்வளவு மெதுவாகச் சுழலும் பெடலை ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருப்பதால் சுமை முழங்காலில் விழுகிறது. பின்பக்கத்திலும் 34 பற்கள் உள்ள கியரை மாட்டினால் அதே ஏற்றத்தில், அதே ஆற்றலில், நிமிடத்துக்கு 50 சுற்றுக்கு மேல் கிடைக்கும். விலையுயர்ந்த சட்டகத்துக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கு போதும், இந்தப் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை மாற்றிக்கொள்ள. சமவெளியில் மட்டுமே பழகியவர்கள் இதைப் பெரும்பாலும் முதல் மலைப்பயணத்துக்குப் பிறகே உணர்கிறார்கள்.

ஏற்றத்துக்கு இவ்வளவு ஆயத்தம் செய்பவர்கள் இறக்கத்தை ஓய்வு நேரமாகக் கருதிவிடுவதுதான் இப்பாதையின் உண்மையான ஆபத்து. மேற்சொன்ன 80 கிலோ எடை 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்று தடுத்து வாங்கிக்கொள்ள, மிச்சம் பிரேக்கில் வெப்பமாகச் சேர்கிறது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி, உள்ளே டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பு நேர்த்துண்டிலேயே இரு பிரேக்குகளையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிடியைத் தளர்த்தி, திரும்பி முடித்தபின் விளிம்பு ஆற விடுவதே அனுபவசாலிகள் கையாளும் முறை. கல்லட்டியில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்கே தடை விதிக்க நேர்ந்ததற்கும் அடிப்படைக் காரணம் இதே பிரேக் சிக்கல்தான். தோமலபெண்டாவுக்குக் கீழே, கோயிலுக்குச் செல்லும் பேருந்துகள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்புவதால், சைக்கிள் ஓட்டி தன் இடப்புற ஓரத்தை விட்டு நகராமல் இருப்பது கட்டாயம்.

திரும்பும் பயணத்தில் நிலைமை வேறு. நதிமட்டத்தில் காற்று அடைபட்டு, பாறைச்சுவர்கள் பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தரும் பிற்பகலில், முந்தைய நாளின் 220 கிலோமீட்டர் கால்களில் எஞ்சியிருக்க, தோமலபெண்டா வரை ஏற வேண்டியிருக்கிறது. ஏற்ற வேகம் மெதுவாக இருப்பதால் காற்று வீசி உடலைக் குளிர்விப்பதும் இல்லை. ஆகவே தண்ணீரை அணையருகே நிரப்பிக்கொள்ளாமல் ஏறத் தொடங்குவது அறிவீனம். நீண்டதூரச் சைக்கிள் பயணங்களுக்குப் பாரிஸ் நகரச் சங்கம் ஒன்று வகுத்து, இந்தியாவிலும் பின்பற்றப்படும் பிரெவே என்ற முறையில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரமும் 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரமும் உச்சவரம்பாக வழங்கப்படுகின்றன. அந்தக் கணக்கை அப்படியே இங்கு பொருத்திப் பார்த்து ஒரே ஓட்டத்தில் போய்வர எண்ணுபவருக்குக் காடு இடம் தராது: புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. ஸ்ரீசைலத்தில் ஒரு நாள் தங்கி, மூன்று நாள் பயணமாக வகுத்துக்கொள்வதே பொருத்தம்.

காலமும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை ஏற்றது என்றாலும், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும் மகாசிவராத்திரியை ஒட்டிய நாட்களில் சாலை முழுதும் பக்தர்களின் வாகனங்களே நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் அணையின் மதகுகள் திறக்கப்படும்போதும் அதே நெரிசல்தான். காட்டில் உணவுப் பொட்டலங்களைப் பிரித்து உண்பதும், குரங்குகளுக்கு எறிவதும் விலங்குகளைச் சாலையோரத்துக்கு இழுத்து, பின்னால் வரும் சைக்கிள் ஓட்டிக்கே இடராக முடியும்.

மன்னனூருக்கும் ஸ்ரீசைலத்துக்கும் இடையே, விலங்குகளுக்கு வழிவிட்டு, தூண்களின் மேல் செல்லும் உயர்மட்டச் சாலை ஒன்றை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது வந்தால் இரவுத் தடை தளரக்கூடும். ஆனால் அதில் சைக்கிளுக்கு இடம் உண்டா என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டியவர்கள் ஐதராபாத்தின் சைக்கிள் குழுவினரே. அதுவரை, நெடுஞ்சாலைத் துறை பெரிய செலவின்றிச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டு மலைப்பாதைகளில் கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சிறு பலகைகள், உச்சிக்கு எஞ்சிய தூரத்தையும் அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சரிவையும் தெரிவிக்கின்றன. மன்னனூரிலும் அணைப் பாலத்தின் இரு கரைகளிலும் அத்தகைய பலகை ஒவ்வொன்று வைத்தால், சைக்கிள் ஓட்டிகளுக்கு மட்டுமன்றி, சுமையேற்றிய லாரிகளுக்கும் பயன்படும். இப்பாதையில் செல்ல விரும்புவோர் காட்டுக்குள் நுழையுமுன் மன்னனூர் வனச் சோதனைச் சாவடியில் அன்றைய நிலையைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். திரும்பும் நாளில் அணைப் பாலத்தை விட்டுக் காலை 7 மணிக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும்.