பிள்ளையின் பல்லில் விழுந்த கறை

மத்ரஸாவில் ஸா, தால், ளா ஆகிய மூன்று எழுத்துக்களையும் படித்துக் கொடுக்கும்போது பிள்ளைகள் வாயைத் திறந்து காட்டியே ஆகவேண்டும். நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடுகிறதா என்று பார்க்காமல் மக்ரஜைத் திருத்த முடியாது. பத்து வயது மாணவன் ஒருவன் மட்டும் இந்தப் பாடம் வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வான். ஒருநாள் கையை எடுக்கச் சொன்னேன். மேல் முன்பற்களில் குறுக்கே கபில நிறக் கோடு. "மிஸ்வாக் செய்வதில்லையா, பல் தீட்டுவதில்லையா?" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். அதன்பின் இரண்டு வாரம் அவன் மத்ரஸாவுக்கு வரவில்லை.

ஏசியது பிழை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலிருந்து அவனை ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவர் தாயிடம் கேட்ட முதல் கேள்வி, "இரண்டு மூன்று வயதில் இந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பதாம். கோடு பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே வயதைக் கணித்திருக்கிறார்.

தாய் என்னிடம் சொன்னது இது: "அந்த நேரம் இவனுக்கு ஓயாமச் சளியும் காய்ச்சலும் மௌலவி. வாப்பாக்கு வாங்கின கெப்சூல் வீட்டுல மிஞ்சிக் கிடந்திச்சு. உடைச்சித் தேனுல குழைச்சிக் குடுத்தன். சுகம் வந்திச்சு. பிறகு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பாமசியில அதையே வாங்கினன்."

அந்த கெப்சூல் டெட்ராசைக்ளின். 1948இல் புழக்கத்துக்கு வந்த அன்டிபயோட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இம்மருந்து கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. முரசுக்குள் பல் உருவாகிக் கல்சியம் படியும் காலத்தில் பிள்ளை இதனைக் குடித்தால், மருந்தும் பல்லோடு சேர்ந்து இறுகிவிடும். பல் முளைக்கும்போது மஞ்சளாகத் தெரியும். வெளிச்சம் படப்படக் கபிலமாகவும் சாம்பலாகவும் மாறும். முன்பற்கள் அதிகம் கறுப்பது அதனால்தான். 1950களிலேயே வைத்தியர்கள் இதனைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரத்தான் இவ்வளவு காலம்!

பாற்பற்களில் கல்சியம் படிவது தாயின் வயிற்றில் நான்காம் மாதமளவில் ஆரம்பிக்கிறது. நிலையான முன்பற்களுக்குப் பிறந்து சில மாதங்களில் ஆரம்பித்து, மற்றப் பற்களுக்கு ஏழெட்டு வயது வரை நீடிக்கிறது. எனவே கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பதையோ பாலூட்டுவதையோ டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயல்காரர்களுக்கு டொக்சிசைக்ளின் வழங்கப்படுகிறது. இதுவும் அதே குடும்பம்தான், கல்சியத்தோடு ஒட்டுவது குறைவு. குறுகிய காலம் இதைக் குடித்த சிறு பிள்ளைகளின் பற்களில் கறை காணப்படவில்லை என 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. ஆகவே உண்ணிக் காய்ச்சல் போன்ற ஆபத்தான நோய்க்கு டாக்டரே இதைப் பிள்ளைக்கு எழுதினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வாப்பாவின் பங்கில் மிஞ்சியதைத் தடுமலுக்கு உடைத்துக் கொடுப்பது வேறு விடயம். தடுமல் வைரஸால் வருவது. எந்த அன்டிபயோட்டிக்கும் அதைச் சுகமாக்காது. அந்தப் பிள்ளைக்குச் சுகம் வந்தது கெப்சூலால் அல்ல, தானாகவே வந்திருக்கலாம்.

மருத்துவம் அறிந்தவராக இல்லாத நிலையில் வைத்தியம் செய்தவரே அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஒன்று அபூதாவூத், நஸாஈ, இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் உண்டு. மருந்துப் பெட்டியைத் திறக்கும் உம்மாவும், சீட்டில்லாமல் எடுத்து நீட்டும் பாமசிக்காரரும் இதற்குள் வருவார்கள் என்றே எனக்குப் படுகிறது. நிறத்தைப் பார்த்து "அந்தச் சிவப்பும் மஞ்சளும்" என்று கேட்டு வாங்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

எல்லாக் கறையும் மருந்தால் வந்ததல்ல. அநுராதபுரம் போன்ற வரண்ட வலயப் பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட் கூடுவதாலும் பிள்ளைகளின் பல்லில் கபிலப் புள்ளிகள் வரும். இரும்புச்சத்துப் பாணி குடித்தால் மேலால் ஒரு கறுப்புப் படியும், அதைப் பல் வைத்தியர் துடைத்தெடுக்கலாம். டெட்ராசைக்ளின் கறையோ பல்லுக்குள்ளேயே இருக்கிறது. கரி, உப்பு, மிஸ்வாக் எதனாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கப் பல்தான் தேயும். வளர்ந்த பின் பல் வைத்தியர் வெளிறச் செய்யலாம், அல்லது பல்லின் நிறத்திலேயே மேலால் பூசி மறைக்கலாம்.

நான் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வந்தான். ஸாவும் தாலும் இப்போது ஒழுங்காக வருகின்றன. ளாவுக்கு இன்னும் கை வாய்க்குப் போகிறது.