வரிமீனும் நரம்பு நோயும்

கால்விரல் ஒன்றை அசைக்க வேண்டுமென்று நினைத்த அளவிலே அஃது அசைகின்றது. நினைப்பிற்கும் அசைவிற்கும் இடையே தூது நடப்பது இருவகை நரம்பணுக்களால். மூளையின் மேற்பரப்பிலே தோன்றி முதுகுத்தண்டினுள் இறங்குவது ஒருவகை; அங்கு நின்று அச்செய்தியை ஏற்றுத் தசைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொருவகை. பின்னதன் உடல் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத சிறுமையதாயினும், அதன் இழை முதுகுத்தண்டின் அடியினின்று பாதம் வரையில் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் ஓடுகின்றது. இவ்விருவகை அணுக்களும் மெல்ல மெல்ல மடிந்தொழிய, ஏவுவாரின்றித் தசைகள் மெலிந்து வாடுவதையே இயக்க நரம்பணு நோய் என்பர். கண் பார்க்கும்; செவி கேட்கும்; பெரும்பாலார்க்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். ஆயினும் கை எழாது, நாப் புரளாது, இறுதியில் மூச்சுக்குரிய தசைகளும் சோர்ந்துவிடும். நோய் தோன்றிய 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் பலர் இறக்கின்றனர். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரராகிய லூ கெரிக் 1939-இல் இந்நோயுடையார் எனக் கண்டறியப்பெற்று, 1941-இல் மறைந்தார். ஸ்டீவன் ஹாக்கிங் 1963-இல் கண்டறியப்பெற்றும் 2018 வரையில் வாழ்ந்தது மிக அரிதாக நிகழ்வதொன்று.

இந்நோயைத் தெளிவுற வகுத்துக் காட்டியவர் பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் மருத்துவமனையிற் பணி செய்த ஷார்க்கோ என்பவர், ஆண்டு 1869. நோயாளர் உயிருடனிருந்தபோது தாம் கண்ட குறிகளை எழுதி வைத்துக்கொண்டு, அவர் இறந்தபின் முதுகுத்தண்டை அறுத்துப் பார்த்து, எவ்விடத்து அணுக்கள் அழிந்தன என்று ஒப்பிட்டு நோக்கினார். அரிய முறைதான், ஆனால் அதற்கொரு குறையுண்டு. எரிந்து தணிந்த வீட்டின் சாம்பலைக் கிளறி, தீ எம்மூலையிற் பற்றியது, எவ்வழியே பரவியது என்று உய்த்துணர்வார் நிலையே அவர் நிலை. அவருக்குப் பின் நூறாண்டுக்கு மேலாகியும் இக்குறை தீர்ந்தபாடில்லை. உயிருள்ள மனிதனுடைய முதுகுத்தண்டைத் திறந்து, நரம்பணு ஒன்று மடியும் வகையைப் பார்த்துக்கொண்டிருக்க எவராலும் இயலாதன்றோ?

அவ்வாறு பார்ப்பதற்கு ஒரு வாயிலாக வந்ததே ஈண்டு யாம் கூறப்புகுந்த மீன். தமிழ் பயிலும் யாம் இத்துறையிற் புகுதல் மிகையெனக் கருதும் விலங்கியல் நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் மருத்துவப் பணியில் வங்கத்திலிருந்த பிரான்சிஸ் ஹாமில்ட்டன் என்பார், கங்கையாற்றிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி எழுதிய நூல் 1822-இல் எடின்பரோ நகரத்தில் வெளியாயிற்று. அதில் கோசி ஆற்றிற் பிடித்த மீனொன்று குறிக்கப்பட்டுளது. நீளம் 3 அல்லது 4 சென்டிமீட்டர். உடலின் இருமருங்கும் தலை முதல் வால் வரை நீலக்கோடுகள் ஓடுவது. கெண்டைக்கு உறவாகிய இதனை ஆங்கிலேயர் வரிக்குதிரையின் பெயரால் அழைத்தனர். யாம் வரிமீன் என்போம். வயலோரத்து நீரிலும் ஓடையிலும் வாழும் இது, கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. இதனை ஆராய்ச்சிச் சாலைக்கு உரியதாக்கியவர் அமெரிக்காவிலே ஓரிகன் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர். 1981-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்குக் கால்கோள். மூன்றாண்டு கழித்து அவர் இறந்தமையால் தம் முயற்சியின் பயனைக் கண்டாரல்லர். 1996-இல் ஜெர்மனியின் தூபிங்கன் நகரத்தாரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தாரும் பழுதுற்ற மரபணுக்களையுடைய வரிமீன் வகைகளைப் பல நூறாகக் கண்டு வெளியிட்டபின், இம்மீன் இல்லாத பெருநகர ஆராய்ச்சிச் சாலை அரிதாயிற்று.

இதன் சிறப்பு யாதெனின், முட்டை தாயின் உடற்கு வெளியே கருவுற்று வளர்வதும், அக்கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ நிற்பதுமாம். ஒரு நாளில் உடலின் அமைப்பெல்லாம் தோன்றி இதயம் துடிக்கின்றது. இரண்டு மூன்று நாளில் முட்டையினின்று குஞ்சு வெளிப்படுகின்றது. ஐந்தாம் நாளில் நீந்தி இரை தேடுகின்றது. அதன் மரபணுத் தொகுதி முழுவதும் 2013-இல் வெளியானபோது, மனிதரின் மரபணுக்களில் 100-க்கு 70 வீதத்திற்கு ஒத்தவை இதனிடத்தும் உளவென்று தெரிந்தது. அன்றியும், ஒவ்வோர் உடற்கண்டத்தின் ஒவ்வொரு பக்கத்தும் முதலில் தோன்றும் இயக்க நரம்பணுக்கள் மூன்று அல்லது நான்கே என 1986-இல் ஓரிகன் அறிஞர் காட்டினர். மனிதருடைய முதுகுத்தண்டிலே எண்ணி முடியாத கூட்டத்தினுள் தேட வேண்டியதை, இங்கே பெயர் சொல்லி அழைத்து அடையாளங் காணலாம். ஜெல்லி மீன் ஒன்றினின்று பெற்ற பச்சையொளி வீசும் புரதத்தை அவ்வணுக்களில் மட்டும் தோன்றச் செய்துவிட்டால், இருளில் ஏற்றிய விளக்குப்போல அவை தனித்து ஒளிர்கின்றன. கயலைக் கண்ணுக்கு உவமை கூறுதல் நம் புலவர் வழக்கு. நரம்பணுவின் சாக்காட்டைக் காண்பதற்குக் கயலினத்து மீனொன்றே கண்ணாயிற்று.

இனி, ஆராயும் முறை. இந்நோயுடையாரில் 100-க்கு 10 பேர் அளவினர்க்கு இது குடிவழியாக வருகின்றது. அவர்களிற் சிலரிடத்து 'எஸ்.ஓ.டி.-1' என்னும் மரபணு பழுதுற்றிருத்தல் 1993-இல் தெரிந்தது. 2007-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்தார், அப்பழுதுற்ற மனித மரபணுவின் செய்தியை நுண்ணிய ஊசியால் மீனின் கருவினுட் செலுத்தினர். சின்னாளில் அக்குஞ்சுகளின் நரம்பிழைகள் குறுகியும், கிளைக்கலாகாத இடத்திற் கிளைத்தும் நிற்கக் கண்டனர். 2010-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தார், அத்தகைய மரபணுவை வழிவழியாகத் தாங்கும் மீன்களை வளர்த்தபோது, அவை முதிர்ந்தபின் தசை மெலிந்து, நீந்தும் வலி குன்றி, காலத்திற்கு முன்னே மடிந்தன.

இவற்றினும் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மக்குவாரிப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. 'டி.டி.பி.-43' என்றொரு புரதம் உண்டு. நலமுள்ள நரம்பணுவில் இது பெரும்பாலும் உட்கருவினுள் இருப்பது. இந்நோயால் இறந்தாரிற் பெரும்பான்மையோரிடத்து இது உட்கருவை விட்டு வெளியேறி அணுவினுட் கட்டிபட்டுக் கிடத்தலை 2006-இல் அறிந்தனர். எப்பொழுது வெளியேறிற்று, பின் என் செய்தது என்பன சாம்பலைப் பார்த்துச் சொல்லக்கூடியவை அல்ல. சிட்னியார் இப்புரதத்தை ஒளிரச் செய்து, உயிருள்ள மீன்குஞ்சின் ஒரே ஓர் இயக்க நரம்பணுவைத் தெரிந்தெடுத்து, புறஊதாக் கதிரால் அதற்கு ஊறு விளைத்து, நுண்ணோக்கியில் விழி வைத்திருந்தனர். புரதம் உட்கருவினின்று வெளிப்படுவதைக் கண்டார்கள். மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் காவலராகிய மைக்ரோகிளியா என்னும் சிற்றணுக்கள் அவ்விடம் விரைந்து, மடிந்த அணுவை விழுங்கித் துப்புரவு செய்தலையும் கண்டார்கள். அக்காவலர் செவ்வனே தொழில் செய்யாவிடத்து, அப்புரதம் நரம்பிழை வழியே பரவிச் சென்றது. ஒரு குஞ்சினுள் ஓரணுவை வேண்டுமென்றே கொல்வதைப் படித்தபோது எம் மனம் சற்றே கூசியது உண்மை. ஷார்க்கோ காண இயலாததொன்றை இவர்கள் கண்டதும் உண்மை.

நிற்க. மீனிற் கண்டதெல்லாம் மனிதர்க்கும் ஆகும் என்று துள்ளுவார்க்குச் சில தடைகள் உள. மூளையின் மேற்பரப்பினின்று முதுகுத்தண்டிற்கு இறங்கும் நரம்புப்பாதை மனிதர்க்குள்ளவாறு மீனுக்கு இல்லை. ஆகவே யாம் தொடக்கத்திற் கூறிய இருவகை அணுக்களில் முதல்வகையின் அழிவை இதனிடத்து ஆராய்தல் ஆகாது. பாதி நோயே இங்குப் புலனாகும். மேலும், மீன்குலத்தின் முன்னோரிடத்து மரபணுத் தொகுதி முழுவதும் ஒருகால் இரட்டித்தமையால், ஒன்றைக் கெடுத்தால் அதன் இணை அவ்விடத்தை நிரப்பிவிடும். டி.டி.பி.-43 புரதத்திற்குரிய மரபணுவை அகற்றியபோது குஞ்சுகள் நலமாகவே இருந்தன. இணையையும் சேர்த்து அகற்றிய பின்னரே தசையும் குருதியோட்டமும் கெட்டு மடிந்தன என 2013-இல் ஜெர்மானிய அறிஞர் காட்டினர். எல்லாவற்றினும் பெரிய தடை அகவை. ஐம்பது அறுபது வயதிற் பெரும்பாலும் தோன்றுவதொரு நோயைப் பிறந்து ஐந்து நாளான குஞ்சினிடத்துத் தேடுகின்றனர். முதுமையின் பங்கு யாதென்று அக்குஞ்சு எங்ஙனம் சொல்லும்?

மருந்து தேடுவதில் இம்மீன் பயன்படுமாற்றையும் சிறிது கூறுவாம். 96 சிறு குழிகளையுடைய ஒரு தட்டிற் குழிதோறும் குஞ்சுகளையிட்டு, நீரில் வெவ்வேறு மருந்தைக் கலந்தால், அவை தோல் வழியே ஏற்றுக்கொள்ளும். பின் தொட்டுப் பார்த்து, எக்குழியிற் குஞ்சு விரைந்து விலகுகின்றது என நோக்குவர். இவ்வகையாற் புழுக்களிலும் வரிமீனிலும் தேடிய கனடா நாட்டார், மனநோய்க்கு முன்னரே வழங்கிவந்த பிமோஸைட் என்னும் மருந்தை 2017-இல் எடுத்துக்காட்டினர். நோயாளர் சிலர்க்குச் சில வாரமே கொடுத்துப் பார்த்ததில் சற்றே நம்பிக்கை பிறந்தது. அதனை நோய் தீர்ந்த செய்தியாகக் கொள்ளுதல் தவறு. 1995-இல் அமெரிக்க அரசு இசைவளித்த ரிலுஸோல் என்னும் மருந்து வாழ்நாளைச் சில திங்களே நீட்டுகின்றது. எஸ்.ஓ.டி.-1 பழுதுடைய சிலர்க்கு மட்டும் உரிய டோஃபெர்ஸென் 2023-இல் அங்கே இசைவு பெற்றது. மனிதர்க்குக் கொடுக்குமுன் அதனைச் சோதித்தது எலிகளிடத்து; மீனிடத்தன்று.

வரிமீனிடத்து மனிதர்க்கில்லாத ஆற்றல் ஒன்றுண்டு. வளர்ந்த மீனின் முதுகுத்தண்டைக் குறுக்கே அறுத்தாலும், ஏறக்குறைய ஆறு வாரத்தில் அது மீண்டும் நீந்துகின்றது. ஹாமில்ட்டனின் நூல் வெளியான அவ்வெடின்பரோ நகரத்தின் அறிஞர், அறுபட்ட இடத்தருகே இயக்க நரம்பணுக்கள் புதியனவாகப் பிறத்தலை 2008-இற் காட்டினர். தண்டின் நடுக்குழாயைச் சூழ்ந்துள்ள அணுக்களே அவற்றை ஈனுகின்றன. மூளையினின்று இறங்கும் நரம்பிழைகள் சொரியும் டோபமீன் என்னும் பொருள் அவ்வாக்கத்தைத் தூண்டுகின்றது என்பதை 2013-இற் கண்டனர். டோபமீன் மனிதர் மூளையிலும் சுரப்பதே. நடுக்குழாயைச் சூழ்ந்த அணுக்களும் மனிதர்க்கு உண்டு. அவை நரம்பணுவை ஈனுவதில்லை.