திருத்தணி வட்டாரத்தில் மக்கு எருவும் பசுந்தாள் பயிரும்

1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி சித்தூர் ஜில்லாவினின்றும் பிரிந்து சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்த திருத்தணிப் பிரதேசத்தில், உழவோடு கறவை மாடு வளர்ப்பதும் குடியானவர்களுக்கு வழக்கமான ஜீவனமாகும். நிலத்தில் விளைந்த வைக்கோலையும் தட்டையையும் மாடு தின்கிறது. ஆனால் சாணம் வரட்டியாகி அடுப்பிற்கும், கோமியம் தொழுவத்துத் தரைக்கும் போய்விடுமாயின், நிலத்திற்குத் திரும்புவது யாதுமில்லை. இங்ஙனம் ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே வந்தால் நிலம் சாரமற்றுப்போகும். நிலம் கெட்டால் தீவனமும் குறையும்.

மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி கோமியத்திலேயே உள்ளது. ஆகையால் தொழுவத்தில் உலர்ந்த மண்ணையும் சருகையும் பரப்பி, கோமியம் ஊறியபின் அவற்றை எருக்குழியில் சேர்த்தல் வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்டு என்பார் இந்தூரில் பரிசோதித்து 1931-ல் வெளியிட்ட முறை இதுவே. இரண்டடி ஆழக் குழியில் செத்தை, ஊறிய மண், சாணக் கரைசல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு நீர் தெளிக்கவேண்டும். 16-ம் நாளிலும், ஒரு மாதத்திலும், இரண்டு மாதத்திலும் கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் எரு பக்குவமாகும். நீர் தேங்கினால் காற்றோட்டமின்றித் துர்நாற்றம் வீசும். ஆதலின் மழைக்காலத்தில் குழிக்குப் பதிலாகத் தரைமேல் குவிப்பதே உசிதம்.

அறுவடைக்குப்பின் வெறுமையாய்க் கிடக்கும் வயலை மூடுவதற்குப் பயிர்கள் பல உண்டு. இவற்றின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்ப்பிக்கின்றன. கொளுஞ்சியை மாடு விரும்பி மேய்வதில்லை. எனவே மேய்ச்சல் உள்ள தரிசுக்கு அது ஏற்றது. அதன் விதை கடினத்தோலுடையது. மணலோடு தேய்த்து விதைத்தால் நன்கு முளைக்கும். சணப்பைப் பூக்கத் தொடங்கும் சமயத்தில், மண்ணில் ஈரமிருக்கும்போதே மடக்கி உழவேண்டும். தாமதித்தால் தண்டு நாராகி எளிதில் மக்காது. நரிப்பயறு தீவனத்திற்கும் எருவிற்கும் பயன்படும்.

எனினும், தீவனத்திற்கென்று தழை முழுவதையும் அறுத்துவிட்டால் வேரும் தாளும் மாத்திரமே மண்ணிற்கு மிஞ்சும். சத்தின் பெரும்பகுதி தழையிலேயே உள்ளது. அத்தழையைத் தின்ற மாட்டின் சாணமும் கோமியமும் அதே வயலுக்குத் திரும்பினாலன்றிக் கணக்கு நேராகாது. எரிபொருளுக்குச் சாணத்தையே நம்பியிருக்கும் குடும்பத்தார் சாண எரிவாயுக் கலம் அமைத்துக்கொள்ளலாம். அதனால் அடுப்பிற்கு நெருப்பும், வெளிவரும் கரைசலால் நிலத்திற்கு எருவும் ஒருங்கே கிட்டும்.