மலை மேலே அப்பா! அடிவாரத்தில் மகள்!
பஸ் முதலாளி டி.வி.எஸ். குடும்பத்தின் மறக்க முடியாத கதை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் ஏறியிருக்கிறீர்களா?

சோழவந்தான், வாடிப்பட்டி தாண்டியதும் கொடை ரோடு வரும். அதற்கு அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரை. இடது பக்கம் தூரத்தில் நீலமாகத் தெரிவது பழநி மலைத்தொடர். வலது பக்கம் சிறுமலை.

அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒன்று அப்பாவின் ஸ்டேஷன். இன்னொன்று மகளின் ஸ்டேஷன்.

கொடை ரோட்டில் இறங்கி மலை ஏறினால் கொடைக்கானல். அங்கேயுள்ள தன் வீட்டில்தான் 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ஒரு முதியவர் காலமானார். சீசன் களை கட்டும் நேரம். அவருக்கு வயது 78.

அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார். சுருக்கமாக "டி.வி.எஸ்."!

அம்பாத்துரையில் இறங்கினால் கிட்டத்திலேயே காந்திகிராமம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கதர், பல்கலைக்கழகம் என்று ஒரு ஊராகவே வளர்ந்து நிற்கிறது. அதை உண்டாக்கியவர் டாக்டர் சௌந்தரம். அய்யங்காரின் மகள்!

வக்கீல், ரயில்வே, பாங்கி... கடைசியில் பஸ்!

டி.வி.எஸ். என்றால் இன்று மோட்டார் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வரும். "பெரிய கம்பெனிக்காரங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி என்ற ஊர். அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்துதான் "டி". 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ஆசைப்படி வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை. அதன் பிறகு பாங்கியில் வேலை.

மாதச் சம்பளம், நிழலில் நாற்காலி. இந்தக் காலத்து ஆளாக இருந்தால் "போதும் சாமி" என்று உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரவில்லை. வேலையை உதறிவிட்டு மோட்டார் தொழிலில் குதித்தார். 1911-ல் "டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ்" பிறந்தது.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் ஓட ஆரம்பித்தது. அப்போது புதுக்கோட்டைக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூர் போக வேண்டுமென்றால் கட்டை வண்டி, இல்லாவிட்டால் ஜட்கா. போகிற வழியிலேயே பொழுது விடிந்து பொழுது போகும். பிரசவ வலி எடுத்த பெண்ணும் அந்த வண்டியில்தான். கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவனும் அதே வண்டியில்தான்.

அந்தப் பாதையில் குறித்த நேரத்துக்கு வந்து, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்கிற வண்டி என்றால் சும்மாவா?

கடிகாரம் தேவையில்லை!

டி.வி.எஸ். பஸ்ஸைப் பற்றிப் பழைய ஆட்கள் எல்லாரும் சொல்கிற ஒரே விஷயம், நேரம். "அந்த வண்டி போறதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வச்சுக்குவோம்" என்பார்கள்.

கடைக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்தான் பூக்கூடை வாடாமல் வரும். பால் கேன் திரியாமல் வரும். பேப்பர் கட்டு விற்கிற நேரத்துக்குள் வரும். ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மேலதிகாரியிடம் திட்டு கிடைக்காது.

தர்மம் என்றால் அன்னதானம், சத்திரம் மட்டும்தானா? காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வதும் ஊருக்குச் செய்கிற தர்மம்தானே!

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பல ஊர்களில் பஸ்கள் ஷெட்டில் முடங்கின. அப்போது டி.வி.எஸ். "காஸ் பிளாண்ட்" தயாரித்தது. வண்டியோடு ஒரு இரும்பு டிரம். அதில் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிப்பார்கள். அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடும்!

வேகம் குறைவுதான். மேட்டில் மூச்சு வாங்கும். புகை, கரி, சூடு எல்லாம் உண்டு. ஆனாலும் வண்டி ஓடியது. புது டயர் கிடைக்காத காலம் என்பதால், தேய்ந்த டயருக்கு மேல் ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் தொழிலும் அவர்கள் கையில் வளர்ந்தது.

போர்டில் மகன்கள் பெயர்

கம்பெனி போர்டில் "அண்ட் சன்ஸ்" என்று போட்டிருந்ததே, அது வெறும் அலங்காரம் இல்லை.

அய்யங்காருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மூத்தவர் துரைசாமி தகப்பனார் இருக்கும்போதே இறந்துவிட்டார். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நால்வரும் தொழிலைத் தோளில் சுமந்தார்கள். அய்யங்கார் காலத்தோடு ஒதுங்கிக்கொண்டு, சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

எத்தனையோ கடைகளில் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு எண்பது வயசானாலும் கல்லாப் பெட்டியை விட மாட்டார். மகனுக்கு ஐம்பது வயசானாலும் "நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது" என்பார். அய்யங்கார் அந்த ரகம் இல்லை.

சரி, மகன்களுக்குத் தொழில் இருந்தது. மகளுக்கு?

பிளேக் பறித்த தாலி

சௌந்தரம் பிறந்தது 1904-ல். அந்தக் காலத்து வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம். மாப்பிள்ளை உறவுக்காரர்தான். பெயர் சௌந்தரராஜன். டாக்டர். மனைவியை "படி, படி" என்று தூண்டியவர்.

பிளேக் நோய் வந்தது. நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த அந்த டாக்டரையும் அது விடவில்லை. சின்ன வயசிலேயே சௌந்தரம் விதவையானார்.

அந்த நாளில் ஆசாரமான வீடுகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று பாட்டிமாரைக் கேட்டால் தெரியும். தலையை மழிப்பார்கள். வெள்ளைப் புடவை. நல்ல நாள் விசேஷத்தில் எதிரே வரக்கூடாது. சமையற்கட்டு மூலையே கதி. அப்படிப்பட்ட பிராமணக் குழந்தை விதவைகளுக்காகவே சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1910-களில் விடுதி நடத்த வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் பேர் பெற்ற வைணவக் குடும்பம். ஊரே பார்க்கிறது. அய்யங்கார் என்ன செய்தார்?

மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. அவரும் மனைவி லட்சுமி அம்மாளும் "படிப்பை விடாதே" என்றார்கள். டெல்லியில் பெண்களுக்கான லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரிக்கு மகள் போனார். வீட்டை விட்டு, பாஷை தெரியாத ஊருக்கு, ஒரு விதவைப் பெண்ணை அனுப்பினார்கள்!

1936-ல் சௌந்தரம் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

அப்பா போட்ட பிரேக்!

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். முடியவில்லை.

டெல்லியில் சுசீலா நய்யார் என்ற தோழி மூலமாக சௌந்தரத்துக்குக் காந்தியின் பழக்கம் கிடைத்தது. அரிசன சேவையில் ஈடுபட்டிருந்த ஜி.ராமச்சந்திரன் என்ற கேரளத்து இளைஞரையும் சந்தித்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள்.

மாப்பிள்ளை வேறு ஜாதி. வேறு பாஷை. பெண்ணோ விதவை.

மகளை டெல்லிக்கு அனுப்பிய அதே அப்பா, இதற்குச் சம்மதிக்கவில்லை. பெற்றோர் இருவருமே எதிர்த்தார்கள்.

இதை மறைத்து எழுதினால் அய்யங்காரைத் தெய்வமாக்கலாம். ஆனால் அவர் மனிதர். ஊரை எதிர்த்துப் பத்து அடி நடந்தவர், பதினோராவது அடியில் நின்றுவிட்டார். நம் வீடுகளிலும் இப்படித்தானே நடக்கிறது? பெண்ணைப் படிக்க வைப்போம், வேலைக்கு அனுப்புவோம். அவளாக ஒரு முடிவு எடுத்தால் மட்டும் முகம் சிவந்துவிடும்.

காந்தி என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு வருஷம் பிரிந்திருங்கள். அதற்குப் பிறகும் மனசு மாறவில்லையென்றால் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்" என்பது அவர் யோசனை. இருவரும் பிரிந்திருந்தார்கள். மனசு மாறவில்லை. 1940-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது.

சின்னாளபட்டியில் ஒரு வைத்தியசாலை

1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கும் பழநிக்கும் வந்தார். மீனாட்சி கோவிலிலும் பழநி மலைக் கோவிலிலும் தரிசனம் செய்தார். அரிசனங்களுக்குக் கதவு திறந்த பிறகுதான் அந்தக் கோவில்களுக்குள் அவர் காலடி வைத்தார்.

அடுத்த வருஷம் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே 1947-ல் சௌந்தரமும் ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

இடம் சின்னாளபட்டி பக்கம். சேலைத் தறிகளுக்குப் பேர் போன ஊர். நெசவாளிகள், கூலிக்காரர்கள், சுற்றிலும் வானம் பார்த்த பூமி. பிரசவம் என்றால் மருத்துவச்சிதான். சிக்கலாகிவிட்டால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அங்கே சின்ன வைத்தியசாலையாகத் தொடங்கியதுதான் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. தாய்-சேய் நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நாடெங்கும் பேர் வாங்கியது. பக்கத்திலேயே ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம், நர்சு பயிற்சி என்று ஒவ்வொன்றாக முளைத்தன. 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-ல் அதற்குப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது.

அந்தச் சுற்று வட்டாரத்து ஜனங்கள் அம்மாவைச் சட்டசபைக்கும் அனுப்பினார்கள். 1952-ல் ஆத்தூர். 1957-ல் வேடசந்தூர். 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து டெல்லிக்கே போனார். மத்திய கல்வித் துணை மந்திரி ஆனார். அதே வருஷம் பத்மபூஷண் பட்டமும் கிடைத்தது.

ஒரு காலத்தில் மாணவியாகப் போய் இறங்கிய அதே டெல்லி!

பஸ் போச்சு... பேர் நிற்குது!

1955-ல் அய்யங்கார் கண் மூடியபோது மதுரை ரோடுகளில் அவர் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1972-ல் அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். பஸ்சில் ஏறி இறங்கியவர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். "சன்ஸ்" வழி வந்த பேரன் பேத்திகளும், 2020-களில் அவரவர் கம்பெனிகளை அவரவர் பார்த்துக்கொள்வதென்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள்.

டாக்டர் சௌந்தரம் 1984 அக்டோபரில் மறைந்தார். 2005-ல் மத்திய சர்க்கார் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் பெயரைக் கவனித்தீர்களா? டாக்டர் டி.எஸ்.சௌந்தரம்!

"டி" என்றால் திருக்குறுங்குடி. "எஸ்" என்றால் சுந்தரம். அப்பா ஊர், அப்பா பெயர். கல்யாண விஷயத்தில் அப்பாவோடு மல்லுக்கு நின்ற மகள், அப்பாவின் இனிஷியலை விட்டுவிடவில்லை. கம்பெனி போர்டில் இடம் இல்லாத மகள், அந்த இரண்டு எழுத்தையும் தபால்தலை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்!

அய்யங்கார் ஆரம்பித்த தொழில்களில் எது பெரிசு என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தில் ஏறாத ஒரு முதலீடு உண்டு. டெல்லிக்குப் போன மகளுக்குக் கட்டிய காலேஜ் சம்பளம். அதன் வட்டியைச் சின்னாளபட்டி வட்டாரத்தில் பிறந்த எத்தனையோ குழந்தைகள் அனுபவித்தார்கள்.

அடுத்த தடவை கொடைக்கானல் டூர் போகிறீர்களா? கொடை ரோட்டில் எல்லாரும் மலையைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அழகான மலைதான்.

அதற்கு அடுத்த ஸ்டேஷனையும் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால், கையைப் பிடித்துக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்!