கால்ஷீட் யார் கையில்?

மலையாளப் பட உலகின் அன்றாட வேலை செல்போனுக்குள் போய்விட்டது. ஆனால் வேலை பார்த்ததற்கான எழுத்துச் சான்று பலருக்கு இன்னும் எட்டாக் கனிதான்.

திருவனந்தபுரத்தில் எடுக்கும் படத்துக்குப் பழைய காலத்து மளிகைக் கடை ஒன்றை ஜோடிக்க வேண்டுமானால் கலை இயக்குநரின் உதவியாளர் தேடி வரும் இடம் சாலை. கிழக்குக் கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் இந்தக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. பித்தளைப் பாத்திரம், கோணிச் சாக்கு, கயிறு, பூ, பலசரக்கு எல்லாம் கிடைக்கும். வியாபாரிகளில் தமிழர்கள் கணிசம் என்பதால் பேரம் தமிழிலும் நடக்கும். தராசும் அரிக்கேன் விளக்கும் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உதவியாளர் செல்போனைப் பார்க்கிறார். யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கங்களுக்கும் சாப்பாட்டு எண்ணிக்கைக்கும் நடுவே ஒரு வரி: கடைக் காட்சி தள்ளிப்போகிறது, நாளை கல்யாண வீடு. செய்தி வந்து ஒரு மணி நேரமாகிறது.

படத் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது பழகிப்போன சங்கடம். ஒரு காட்சி இடம் மாறினால் அதோடு நடிகர், உடை, வாடகை வேன், ஜெனரேட்டர், மதியச் சாப்பாடு எல்லாம் மாற வேண்டும். ஒருவருக்குத் தகவல் போகாவிட்டாலும் மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க நேரிடும்.

ஹாலிவுட் இதற்கு ஒரு முறையைக் கண்டது. திரைக்கதையின் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பங்காகப் பிரித்து, காட்சி எத்தனை 'எட்டிலொன்று' என்று அளப்பார்கள். அதில் யார் நடிக்கிறார்கள், என்னென்ன பொருள், எந்த வண்டி என்று தனித்தாளில் குறிப்பார்கள். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டைப் பட்டை. வழக்கமாக உள்ளரங்கப் பகலுக்கு வெள்ளை, வெளிப்புறப் பகலுக்கு மஞ்சள், உள்ளரங்க இரவுக்கு நீலம், வெளிப்புற இரவுக்குப் பச்சை. பட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தினால் படப்பிடிப்பு அட்டவணை தயார். மூவி மேஜிக் போன்ற சாஃப்ட்வேர்கள் இந்தப் பலகையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோயின. கனடாவில் பிறந்த செல்டெக்ஸ், அமெரிக்காவின் ஸ்டுடியோபைண்டர் போன்றவை அதை இணையத்தில் ஏற்றிவிட்டன. கடைக் காட்சியைத் தள்ளிவைத்தால் தராசு தேவைப்படும் தேதியும் கூடவே தள்ளிப்போகும். சாலையில் நிற்கும் உதவியாளர் நாற்பது செய்திகளைத் துழாவ வேண்டாம். அன்றைய பட்டியலைத் திறந்து பார்த்தால் போதும்.

தமிழ்த் திரையுலகுக்கு இந்தச் சங்கதி அன்னியமல்ல. 1992இல் வந்த தேவர் மகன் படத்தின் திரைக்கதையைக் கமல்ஹாசன் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரில் எழுதியதாகக் கோடம்பாக்கத்தில் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பரவலாகப் புழங்குவதற்கு மொழி தடையாக நின்றது. திரைக்கதை எழுதுவோர் அதிகம் பயன்படுத்தும் ஃபைனல் டிராஃப்டில் யூனிகோடு வசதி வந்ததே 2018இல் வெளியான 11ஆம் பதிப்பில்தான். அதுவரை நம் எழுத்துகளை அதில் ஒழுங்காகக் காண்பது பெரும்பாடு. வசனத்தை ஆங்கில லிபியில் எழுதிச் சமாளித்தவர்கள் உண்டு. (மலையாள 'ழ'கரம் அதில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.)

மொழியைவிடப் பெரிய தடை, வேலை நடக்கும் விதம். மலையாள சினிமாவில் புரொடக்ஷன் கன்ட்ரோலர் என்று ஒருவர் இருப்பார். எந்த வீட்டை எத்தனை நாள் வாடகைக்கு எடுக்கலாம், எந்த நடிகர் எந்த வாரம் ஓய்வு, லைட் யூனிட்டுக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நினைவாற்றல்தான் அவருடைய மூலதனம். அதை எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதி மாட்டுங்கள் என்றால் அவர் தயங்குவதில் வியப்பில்லை. நம் வழக்கில் 'கால்ஷீட்' என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டதைக் கவனிக்கலாம். மேல்நாட்டில் அது மறுநாள் யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று யூனிட் முழுவதற்கும் முந்தைய மாலை போகும் தாள். இங்கே அது நட்சத்திரம் கொடுக்கும் தேதி. தாள் மறைந்து தேதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வேலை தேடுவதும் அப்படித்தான். 1938இல் முதல் மலையாளப் பேசும்படமான பாலன் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் மலையாளக் கலைஞர்கள் கோடம்பாக்கம் லாட்ஜுகளில் காத்திருந்து வாய்ப்புப் பிடித்தார்கள். ஆலப்புழையில் உதயா, திருவனந்தபுரம் நேமத்தில் மெரிலாண்ட், பிறகு 1980இல் அரசின் சித்ராஞ்சலி என்று ஸ்டுடியோக்கள் சொந்த மண்ணில் எழுந்தன. இப்போது தொழிலின் மையம் கொச்சி. லாட்ஜ் வராந்தாவின் இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. ஆயிரம் பேர்வரை சேரலாம். ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது அட்மின் விருப்பம். நீக்கப்பட்டவருக்கு வேலைச் செய்தி வராது. ஏன் வரவில்லை என்று கேட்கவும் இடமில்லை. உலக அளவில் கலைஞர்களைப் பட்டியலிடும் ஐஎம்டிபி 1990இல் ரசிகர்கள் தொகுத்த தகவலாகத் தொடங்கி 1998இல் அமேசான் கைக்குப் போனது. அதில் பெயர் ஏற, முதலில் டைட்டில் கார்டில் ஏற வேண்டும். லைட் பாய்க்கும் துணை நடிகைக்கும் அந்த யோகம் அபூர்வம்.

இது வெறும் வசதி பற்றிய கேள்வியாக நின்றிருந்தால் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. 2017இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா கமிட்டி, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. நாலரை ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 19 அன்று சில பகுதிகள் நீக்கப்பட்டு அது வெளியானது. பாலியல் தொல்லை பற்றிய பகுதிகளே தலைப்புச் செய்தியாயின. அதே அறிக்கை, பலர் எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் வேலை பார்ப்பதையும், துணை நடிகர்களின் கூலியில் இடைத்தரகர்கள் கை வைப்பதையும், பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாததையும் பதிவு செய்தது. எல்லோருக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்றது. அதற்கு முன்பே 2022 மார்ச்சில், ஒவ்வொரு படத் தயாரிப்பு யூனிட்டிலும் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்குழு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் புகாரோ சம்பள வழக்கோ விசாரணைக்கு வந்தால் முதல் கேள்வி, அன்று நீங்கள் அந்த செட்டில் இருந்தீர்களா என்பதுதான். அழிக்கக்கூடிய செல்போன் செய்தி அதற்கு எவ்வளவு தாங்கும்?

அமெரிக்க செட்டுகளில் தினசரி அறிக்கை என்று ஒன்று உண்டு. யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது சாப்பாட்டு இடைவேளை, எப்போது விடுவிக்கப்பட்டார் என்று அதில் ஏறும். ஓவர்டைம் கணக்கு அதிலிருந்துதான். புதிய சாஃப்ட்வேர்களின் உண்மையான பயன் வண்ணப் பட்டைகளைவிட இங்கேதான் இருக்கிறது. தயாரிப்பாளருக்கும் இதில் லாபம் உண்டு. 2024இல் வந்த 199 புதிய மலையாளப் படங்களில் 26 மட்டுமே வெற்றி என்றும், இழப்பு 650 முதல் 700 கோடி ரூபாய் என்றும் கேரளத் தயாரிப்பாளர் சங்கம் கணக்குச் சொன்னது. நட்சத்திரச் சம்பளத்தைச் சங்கம் குறை கூறியது. வீணாகும் படப்பிடிப்பு நாள்களுக்கு யாரும் தனிக் கணக்கு வைப்பதாகத் தெரியவில்லை.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஆரம்பத்திலேயே பார்த்திருக்கிறது. முதல் மலையாளப் படமான விகதகுமாரனை அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே. சி. டேனியல் திருவனந்தபுரத்தில்தான் எடுத்தார். எழுதி, இயக்கி, நடித்து, படம்பிடித்ததும் அவரே. திரையிட்ட இடம் சாலைக்கு அதிக தூரமில்லாத கேபிடல் தியேட்டர். தலித் பெண்ணான பி. கே. ரோஸி, நாயர் குலப் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் கலவரம் செய்து அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். படச்சுருள் இன்று இல்லை. திரையிட்ட ஆண்டு 1928ஆ 1930ஆ என்ற விவாதம்கூட ஓயவில்லை. டேனியலைச் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் தேடிப்பிடித்து எழுத வேண்டியிருந்தது. ரோஸிக்கு என்ன கூலி பேசப்பட்டது, எத்தனை நாள் நடித்தார் என்பதற்கு ஒரு தாளும் மிஞ்சவில்லை.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த சாஃப்ட்வேர் கட்டாயம் என்பதில்லை. சின்னப் படத்துக்கு எக்ஸெல் தாளே போதும். மாலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒரே பிடிஎஃப், வந்த நேரமும் போன நேரமும் எழுத ஒரு பத்தி. அதை யார் நிரப்புவது, யார் கையெழுத்திடுவது என்பதைத் தொழிற்சங்கங்களும் தயாரிப்பாளர்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சாலையில் அந்த உதவியாளர் தராசையும் விளக்கையும் ஆட்டோவிலிருந்து இறக்கித் திரும்பக் கடைக்குள் கொண்டுபோகிறார். கடைக்காரர் பணத்தைத் தர மாட்டார். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, தேதியும் தொகையும் போட்டு பில் எழுதிக் கொடுக்கிறார். கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் உதவியாளர் அதை பத்திரமாக மடித்து பர்ஸில் வைத்துக்கொள்கிறார். அவருடைய சொந்தக் கூலிக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது.