பெயர் பிசகினால் பக்கம் காணாது

ஸ்ரீரங்கம் உத்தர வீதிகளில் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய வாரங்கள்தான் வருமானக் காலம். வெளியூர்க்காரர் முதலில் பார்ப்பது இணையதளத்தை. அந்த நேரம் பார்த்து, மலிவாகக் கிடைக்கிறதென்று தளத்தை விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றினால் முகப்பு திறக்கும். அறைகளின் படங்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் நிற்கும். கட்டண விவரத்தைத் தட்டினால் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழை. கோப்புகள் எங்கும் தொலைந்திருக்காது. பெயர்தான் பொருந்தாது.

விண்டோஸ் கணினி ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ராஜகோபுரப் படத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கும்போது முதலெழுத்தைப் பெரியதாக அடித்துவிட்டு, லிங்க்கில் சின்னதாக அடித்தாலும் படம் தெரியும். லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். பெயரின் கடைசியில் வரும் 'ஜேபிஜி'யைச் சில கேமராக்கள் பெரிய எழுத்தில் போடுவதும் இதே வம்புதான்.

தமிழில் பெயர் வைத்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதிலும் ஸ்ரீரங்கம் என்ற பெயரே ஒரு கண்ணி. 'ஸ்ரீ'யை யூனிகோடில் 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்த்தும் அடிக்கலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற கிரந்த எழுத்தைக் கொண்டும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவம். சர்வருக்கு உருவம் தெரியாது, எண்கள்தான் தெரியும். ஒருவர் கணினியில் பெயர் வைத்து, இன்னொருவர் வேறு விசைப்பலகையில் லிங்க் அடித்தால், எத்தனை முறை கண்ணால் ஒப்பிட்டாலும் தவறு பிடிபடாது. 'கோபுரம்' என்பதிலும் இப்படித்தான்: 'கோ'வின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகள் பிரித்தே வைத்தன. இதைச் சீராக்க மென்பொருள் உண்டு. 'ஸ்ரீ' விஷயத்தில் அந்தச் சீராக்கம் உதவாது. தேடிப் பிடித்துத்தான் மாற்ற வேண்டும்.

நீளமும் இடிக்கும். தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும்; லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் எல்லை. 'ஸ்ரீரங்கம்' என்பதற்கே 10 குறிகள், 30 பைட். அதை லிங்க்காக நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சதவீதக் குறிகளோடு 90 எழுத்துகளாக நீளலாம். விண்டோஸில் சரியாக இருந்த நீண்ட பெயர் லினக்ஸுக்குப் போனதும் ஏற்கப்படாமல் போவது இந்த பைட் எல்லையால்தான். பழைய ஜிப் மென்பொருளில் கட்டி அனுப்பினால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கல்களாக வந்திறங்கும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தமிழ் இலக்கியக் கோப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர், சின்ன ஆங்கில எழுத்துகளும் நான்கிலக்க எண்ணும்தான். நூலின் தலைப்பு பக்கத்துக்குள் தமிழில் இருக்கிறது. நூல்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்குப் போனபோதும் அந்த எண் முறை தாங்கியது. தமிழ்ப்பற்றைக் கோப்புப் பெயரில் காட்ட வேண்டியதில்லை என்பதே என் கட்சி. ஏற்கெனவே பரவிவிட்ட பழைய முகவரிகளை மட்டும் கைவிடாமல், 301 என்ற நிரந்தரத் திருப்புதலால் புதிய பக்கத்துக்கு அனுப்புங்கள்.

இடமாற்றத்தில் இன்னொரு பெயரும் ஆபத்தானது. 'பேக்கப்' என்று பெயரிட்ட ஜிப் கோப்பைப் பொதுக் கோப்புறையிலேயே விட்டுவிடுகிறார்கள். யாரும் யூகிக்கக்கூடிய பெயர் அது. உள்ளே வாடிக்கையாளர் கைபேசி எண்களும் கடவுச்சொற்களும் இருக்கலாம். வேலை முடிந்த அன்றே அழிக்கச் சொல்லுங்கள்.

இனி உரிமை. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். வடிவமைப்பாளர் பெயரில் இருந்தால் நட்பு முறிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள். டாட்காம் போன்ற டொமைன்களுக்கு உரிமையாளர் கேட்டால் பதிவு நிறுவனம் இடமாற்றக் குறியீட்டை 5 நாளுக்குள் தர வேண்டும். காசு கொடுத்ததால் தளத்தின் நிரலும் நமதே என்று பலரும் நினைக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவரின் நிரல், எழுத்தில் உரிமை மாற்றித் தராதவரை, அவருடையதே. ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி வேண்டும். இடமாற்றத்துக்குப் பின் எல்லா லிங்க்கும் சோதித்துக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று இன்னொரு வரி.

வடிவமைப்பாளர் கடவுச்சொல்லை மாற்றி உங்களையே வெளியே நிறுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43இன் கீழ் இழப்பீடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். வேலை அரைகுறையாக நின்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஹோஸ்டிங் நிறுவனம் மும்பையில் இருந்தாலும், ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர் திருச்சியிலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வியாபார நோக்கில் பெற்ற சேவை இது என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால் விடுதிக்காரர் வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. பஜனை மடத்துக்கோ தனிநபர் தளத்துக்கோ அந்த இடைஞ்சல் குறைவு. எங்கே போனாலும் கேட்பார்கள்: ரசீது, மின்னஞ்சல்கள், தேதியோடு எடுத்த 404 பக்கப் படங்கள், மாற்றுவதற்கு முன் நீங்கள் எடுத்துவைத்த முழு நகல்.