ஈரற்புழுவும் இளமை நீரிழிவும்

கரும்பும் நெல்லும் விளையும் நெல்லிக்குப்பம் போன்ற நீர்வளமுள்ள பகுதிகளில், ஆடுமாடுகளைப் பீடிக்கும் நோய்களுள் ஈரற்புழு நோய் ஒன்றாகும். இலை வடிவான இப்புழு பித்தக்குழாய்களில் தங்கும். இதனால் கால்நடைகள் இரத்தங்குன்றி இளைக்கும், கறவை குறையும், தாடையின்கீழ் வீக்கங் காணும். சாணத்தோடு வெளிப்படும் முட்டையிலிருந்து தோன்றும் குஞ்சு, நீர்நத்தையினுள் பெருகி, பின்னர்ப் புல்லில் ஒட்டி, மேயும் பிராணியின் வயிற்றை அடைகிறது.

அந்நிய உயிரான இப்புழு உடலினுள் நெடுங்காலம் வாழ்வது எங்ஙனம்? அது கசியவிடும் சில பொருள்கள், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்துவிடுகின்றன. இக்குணமே வைத்தியர்களின் கவனத்தைக் கவர்ந்தது. ஏனெனில், சிறுவரைப் பெரிதும் தாக்கும் முதல் வகை நீரிழிவில், அவ்வெதிர்ப்புச் சக்தியே தவறாகத் திரும்பிக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிக்கின்றது.

இயல்பாகவே இந்நோய் தோன்றும் ஒருவகைச் சுண்டெலிகளுக்கு நத்தைக் காய்ச்சற் புழுவைத் தொற்றச் செய்தபோது, நோய் தடைப்பட்டதாக 1999-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 2014-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆராய்ச்சியாளர், புழுவையே செலுத்தாது, ஈரற்புழுவின் கசிவுப் பொருளை மட்டும் ஊசிமூலம் செலுத்தி, அத்தகைய சுண்டெலிகளிற் பெரும்பாலானவற்றைக் காத்தனர். பின்னர் அக்கசிவிலுள்ள ஒரு சிறு புரதம் இன்சுலின் அணுக்களை அழிவினின்று காப்பதும் கண்டறியப்பட்டது. சென்னையில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வொன்றும், முதல் வகை நீரிழிவு உள்ளவரிடம் யானைக்கால் புழுத்தொற்று குறைந்திருப்பதைக் காட்டிற்று. எனினும் இரண்டும் சேர்ந்து காணாமை ஒன்றே, புழு நோயைத் தடுத்தது என்பதற்குச் சான்றாகாது.

இச்செய்தியைக் கேட்டுப் புழு நன்மை செய்வதென எவரும் மயங்கலாகாது. எலிகளிற் கண்ட பயன் மனிதருக்குரிய மருந்தாக இன்னும் ஆகவில்லை. நாடப்படுவது புழுவன்று, அதனின்று பிரித்த பொருளே. ஆகையால் விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது அவசியம்:

1. நீர் தேங்கிய கரைகளிலும் நத்தை மலிந்த குட்டைகளிலும் கால்நடைகளை மேயவிடலாகாது.
2. சாணத்தை நீர்நிலையருகே கொட்டாது, குழியிலிட்டு மக்கவைத்தல் வேண்டும்.
3. கால்நடை மருத்துவர் சொல்லும் பருவத்தில், சொல்லும் அளவில் புழுமருந்து கொடுத்தல் வேண்டும்.
4. பள்ளிகளில் சிறுவருக்கு வழங்கும் குடற்புழு மாத்திரையைத் தவிர்க்கலாகாது.
5. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு ஆகியவற்றைச் சிறுவரிடம் கண்டால், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. இன்சுலின் தொடங்கிய சிறுவருக்கு எவர் சொல்லினும் அதனை நிறுத்தலாகாது. நிறுத்தினால் சின்னாட்களிலேயே உயிருக்கு அபாயம் நேரும்.